சி மொழியின் கதை – 8: ஹெடர் என்னும் ஒப்பந்தம்

சென்ற அத்தியாயத்தை 1973ஆம் ஆண்டின் கோடையில் நிறுத்தியிருந்தோம். நியூ ஜெர்சி மாநிலத்தின் மர்ரே ஹில்லில், பெல் ஆய்வுக்கூடத்தில், கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸின் கெர்னலை அசெம்பிளியிலிருந்து சி மொழிக்கு மாற்றி எழுதினார்கள். பல மதிப்புகளை ஒரே பதிவாகக் கட்டும் ஸ்ட்ரக்ட் மொழிக்குள் வந்து சேர்ந்த பிறகே அது கைகூடியது என்பதையும் பார்த்தோம். அதே ஸ்ட்ரக்ட் கூடவே ஒரு சிக்கலையும் அழைத்து வந்தது. இந்த அத்தியாயம் அந்தச் சிக்கலையும், அதற்குக் கண்ட தீர்வையும், அந்தத் தீர்வுக்காக உலகம் இன்றுவரை கொடுத்துவரும் விலையையும் பற்றியது.

ஒன்றையொன்று அறியாத கோப்புகள்

ஓர் இயக்க முறைமைக்குள் ஓடும் ஒவ்வொரு ப்ராசஸுக்கும் ஒரு பதிவு உண்டு. அது ஓடுகிறதா உறங்குகிறதா, அதன் முன்னுரிமை என்ன, யாருடையது, நினைவகத்தில் எங்கே இருக்கிறது என்பதெல்லாம் அந்தப் பதிவில் இருக்கும். புதிய ப்ராசஸை உண்டாக்கும் பகுதிக்கு அந்தப் பதிவு வேண்டும். அடுத்து எதை ஓடவிடுவது என்று தீர்மானிக்கும் பகுதிக்கும், சிக்னல் அனுப்பும் பகுதிக்கும் அது வேண்டும். இவை தனித்தனிக் கோப்புகளில் இருந்தன. கம்பைலர் ஒரு நேரத்தில் ஒரு கோப்பை மட்டுமே படிக்கும். அதை முடித்து அடுத்த கோப்புக்குப் போகும்போது முன்பு படித்தது எதுவும் அதன் நினைவில் இருக்காது.

இப்படித் தனித்தனியாக கம்பைல் செய்யும் வழக்கத்துக்கு அன்றைய இயந்திரங்களின் சிறுமையும் ஒரு காரணம். 1971இல் யூனிக்ஸ் ஓடிய பிடிபி-11இன் மொத்த நினைவகம் 24 கிலோபைட். அதில் 16 கிலோபைட்டை முறைமையே எடுத்துக்கொண்டது. மிஞ்சிய 8 கிலோபைட்டில்தான் பயனரின் நிரல் ஓட வேண்டும். பெரிய நிரல் முழுவதையும் ஒரே மூச்சில் படித்து மொழிபெயர்க்க அங்கே இடம் ஏது?

சிக்கல் இதுதான். ஒரு கோப்பு முன்னுரிமையை மூன்றாவது பைட்டில் எழுதுகிறது. இன்னொரு கோப்பு நான்காவது பைட்டில் தேடுகிறது. இரண்டும் தனித்தனியே பிழையின்றி கம்பைல் ஆகிவிடும். இணைத்து ஓடவிட்டால் முறைமை விழும். ஏன் விழுந்தது என்று எந்தக் கருவியும் சொல்லாது. ஆக, எல்லாக் கோப்புகளும் ஒரே வரையறையைப் படித்தாக வேண்டும்.

ஒற்றை # குறி

தீர்வை ரிட்சி வெறும் கையிலிருந்து உண்டாக்கவில்லை. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் 1967இல் உருவாக்கிய பிசிபிஎல் மொழியில் 'கெட்' என்றொரு கட்டளை இருந்தது. ஒரு கோப்பின் பெயரைக் கொடுத்தால் அந்த இடத்தில் அந்தக் கோப்பின் வரிகளைக் கொண்டுவந்து வைக்கும். ஐபிஎம்மின் பிஎல்/1 மொழியிலும் அதே வேலையைச் செய்யும் கட்டளை இருந்தது. எம்ஐடியைச் சேர்ந்த ஆலன் ஸ்னைடர் சி மொழிக்கும் அப்படி ஒரு வசதி வேண்டும் என்று வற்புறுத்தினார். 1972–73 காலத்தில் பிரீபிராசசர் பிறந்தது.

முதல் வடிவத்துக்கு இரண்டே வேலைகள் தெரியும். '#இன்க்ளூட்' என்றால் சொன்ன கோப்பை அப்படியே அங்கே ஒட்டும். '#டிஃபைன்' என்றால் ஒரு பெயரைக் கண்ட இடமெல்லாம் வேறொரு சொற்கோவையைப் போடும். இப்படி வரையறுக்கும் பெயரான மேக்ரோவுக்கு அளவுருக்களும், நிபந்தனைப்படி வரிகளைச் சேர்ப்பதும் விடுவதும் பின்னர் வந்தவை. அவற்றைச் சேர்த்தவர்கள் பெரும்பாலும் மைக் லெஸ்க்கும் ஜான் ரைசரும்.

பிரீபிராசசரை அன்று மொழியின் பகுதியாகவே யாரும் கருதவில்லை. விரும்பியவர்கள் வைத்துக்கொள்ளும் துணைக்கருவி, அவ்வளவே. கோப்பின் முதல் வரி # குறியில் தொடங்கினால்தான் கம்பைலர் அதைக் கூப்பிடும். அந்த வரியில் வேறெதுவும் இருக்க வேண்டிய அவசியமில்லை. அதனால்தான் அந்தக் காலத்து யூனிக்ஸ் மூலநிரலைத் திறந்தால், பல கோப்புகளின் தலையில் ஒற்றை # மட்டும் தனி வரியாக நிற்பதைக் காண்கிறோம். இன்று படிப்பவருக்கு அச்சுப்பிழைபோலத் தோன்றும் அந்தக் குறிதான் பிரீபிராசசரை எழுப்பிய மணி.

பிரீபிராசசருக்குச் சி மொழியின் இலக்கணம் தெரியாமல் போனதற்கும் இந்தத் தொடக்கமே காரணம். அது வரிகளை மட்டும் பார்க்கும். ஸ்ட்ரக்ட், ஃபங்ஷன், மாறி எதுவும் அதற்குப் புரியாது. இன்க்ளூட் செய்வது நகலெடுத்து ஒட்டும் வேலை, அதற்குமேல் ஒன்றுமில்லை. அதன் பலமெல்லாம் இந்த எளிமையிலிருந்து வந்தது. தொல்லைகளும் இதிலிருந்தே வந்தன.

கென், டிஎம்ஆர், நடுவில் ஒரு ஹெடர்

1975இல் வெளிவந்த யூனிக்ஸ் ஆறாம் பதிப்பின் கெர்னலைத் திறந்து பார்ப்போம். நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜான் லயன்ஸ் தம் மாணவர்களுக்காக விளக்கவுரை எழுதியது இந்த நிரலுக்குத்தான். சி கோப்புகள் இரண்டு அடைவுகளில் இருக்கின்றன. ஒன்றின் பெயர் 'கென்', மற்றொன்றின் பெயர் 'டிஎம்ஆர்'. தாம்சனின் பெயரும் ரிட்சியின் முதலெழுத்துகளும்! ஹெடர்கள், அதாவது இன்க்ளூட் செய்து ஒட்டப்படும் பொதுக் கோப்புகள், இந்த இரண்டிலும் இல்லை. ஒரு படி மேலே, இருவருக்கும் பொதுவான அடைவில் இருக்கின்றன. சி கோப்புகள் இரு புள்ளிகளும் ஒரு சாய்கோடும் இட்டு அவற்றை மேலிருந்து இழுத்துக்கொள்கின்றன.

அங்கே 'பாரம்.எச்' என்றொரு ஹெடர். முறைமையின் அளவுகளெல்லாம் அதில் அடக்கம். ஒரே நேரத்தில் அதிகபட்சம் எத்தனை ப்ராசஸ்கள் இருக்கலாம்? 50. அந்த எண் அங்கே ஒரே ஒரு வரியில் இருக்கிறது. அதை 60 ஆக்க வேண்டுமானால் அந்த ஒரு வரியை மாற்றிவிட்டு, அந்த ஹெடரைப் பயன்படுத்தும் கோப்புகளை மீண்டும் கம்பைல் செய்தால் போதும்.

பக்கத்தில் 'பிராக்.எச்'. நாம் தொடக்கத்தில் பேசிய ப்ராசஸ் பதிவு இதில் இருக்கிறது. 15 உறுப்புகள். முதல் எட்டும் ஆளுக்கு ஒரு பைட்: நிலை, கொடிகள், முன்னுரிமை, சிக்னல், பயனர் எண் என்று வரிசையாகப் போகும். முன்னுரிமை மூன்றாவது பைட். இதை ஒரே இடத்தில் எழுதிவைத்ததால் கென் அடைவில் இருந்த கோப்பும் டிஎம்ஆர் அடைவில் இருந்த கோப்பும் ஒன்றையொன்று பார்க்காமலே ஒத்துப்போயின.

இதே ஹெடரில் இன்றைய ஆசிரியர்கள் மாணவர்களை எச்சரிக்கும் ஒரு காரியமும் இருக்கிறது. ஸ்ட்ரக்டின் வடிவத்தைச் சொன்ன கையோடு, 50 பதிவுகள் கொண்ட அட்டவணையையும் அங்கேயே அறிவித்துவிடுகிறார்கள். பத்துக் கோப்புகள் அந்த ஹெடரை இன்க்ளூட் செய்தால் பத்து அட்டவணைகள் அல்லவா உண்டாக வேண்டும்? உண்டாகவில்லை. ஃபோர்ட்ரானின் 'காமன்' முறைபோல, ஒரே பெயரில் வந்த தொடக்க மதிப்பில்லாத அறிவிப்புகள் அனைத்தையும், கம்பைலான கோப்புகளை இணைக்கும் லிங்கர் ஒன்றாக்கிவிட்டது. இந்தச் சலுகை நீண்ட காலம் நீடித்தது. 2020இல் வந்த ஜிசிசி 10 கம்பைலர்தான் இயல்பு நிலையில் இதை நிறுத்தியது. அன்றுவரை பிழையின்றிக் கம்பைலான பல பழைய நிரல்கள் 'ஒரே பெயருக்குப் பல வரையறைகள்' என்ற லிங்கர் பிழையோடு நின்றன.

நம்பிக்கையில் நடந்த ஃபங்ஷன்கள்

ஸ்ட்ரக்டுகளுக்கு ஒப்பந்தம் வந்துவிட்டது. ஃபங்ஷன்களுக்கு அது வர மேலும் பல ஆண்டுகள் பிடித்தன.

கெர்னிகனும் ரிட்சியும் எழுதிய சி மொழி நூலின் 1978ஆம் ஆண்டு முதல் பதிப்பில், வணக்கம் சொல்லும் அந்தப் புகழ்பெற்ற முதல் நிரலின் தலையில் ஹெடர் எதுவும் கிடையாது. நேராக மெயின், உள்ளே பிரிண்ட்எஃப், முடிந்தது. 1988இல் வந்த இரண்டாம் பதிப்பில் அதே நிரலின் மேலே 'எஸ்டிடிஐஓ.எச்' வந்து உட்கார்ந்துவிட்டது. இந்தப் பத்தாண்டு இடைவெளியில் மொழியே மாறியிருந்தது.

பழைய சியில் அறிவிக்காத ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட்டால், அது முழு எண்ணைத் திருப்பித் தரும் என்று கம்பைலர் தானாகவே எடுத்துக்கொள்ளும். என்ன கொடுத்தீர்கள், எத்தனை கொடுத்தீர்கள் என்று சரிபார்க்காது. வர்க்கமூலம் காணும் எஸ்கியூஆர்டி ஃபங்ஷனை எடுத்துக்கொள்ளுங்கள். அறிவிப்பு இல்லாமல் அதற்கு 2 என்று கொடுக்கிறீர்கள். பிடிபி-11இல் முழு எண்ணுக்கு 2 பைட். கூப்பிட்டவர் 2 பைட்டை ஸ்டாக்கில் வைக்கிறார். ஃபங்ஷனோ 8 பைட் தசம எண் வந்திருப்பதாக நினைத்து, 2 பைட்டோடு பக்கத்தில் கிடக்கும் 6 பைட்டையும் சேர்த்துப் படிக்கிறது. கிடைக்கும் விடையைத் தசம எண்களுக்கான இடத்தில் வைக்கிறது. கூப்பிட்டவர் முழு எண்ணுக்கான இடத்தில் தேடுகிறார். இரு பக்கமும் தவறு, ஆனால் எச்சரிக்கை ஒன்றும் இல்லை. திரையில் ஏதோ ஓர் எண் வந்து நிற்கும்.

திரும்பி வரும் மதிப்பின் வகையை அறிவித்தாலும் பாதிச் சிக்கல்தான் தீரும். கொடுக்கும் மதிப்பை நிரலாளரே தசம வகைக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும். அதை மறந்தவர்களைக் காப்பாற்றத்தான் ஸ்டீவ் ஜான்சன் 'லின்ட்' என்ற கருவியை எழுதினார். அது எல்லாக் கோப்புகளையும் சேர்த்துப் படித்து, கூப்பிடும் விதமும் வரையறுத்த விதமும் பொருந்தாத இடங்களைச் சுட்டியது. கம்பைலர் செய்திருக்க வேண்டிய வேலையைப் பக்கத்தில் இன்னொரு கருவி செய்துகொண்டிருந்தது.

தீர்வு சியின் வாரிசிடமிருந்து வந்தது. அதே பெல் ஆய்வுக்கூடத்தில் பியான் ஸ்ட்ரூஸ்ட்ரப் உருவாக்கிக்கொண்டிருந்த சி++ மொழியில், ஃபங்ஷனை அறிவிக்கும்போதே அது ஏற்கும் மதிப்புகளின் வகைகளையும் சொல்லும் முறை இருந்தது. இதற்குப் புரோட்டோடைப் என்று பெயர். 1983இல் அமைந்த அமெரிக்கத் தரக்குழு எக்ஸ்3ஜே11 அதைச் சிக்குள் கொண்டுவந்தது. இனி எஸ்கியூஆர்டிக்கு 2 என்று கொடுத்தால், ஹெடரில் உள்ள புரோட்டோடைப்பைப் பார்த்து கம்பைலரே அதை 2.0 ஆக்கிவிடும். ஹெடர் முழுமையான ஒப்பந்தம் ஆனது அப்போதுதான்.

பதினைந்து ஹெடர்கள்

1989இல் ஏற்கப்பட்ட அந்தத் தரம் 15 ஹெடர்களை வகுத்தது. அவற்றின் பெயர்களை வரிசையாகப் பார்த்தால் ஒன்று புலப்படும்: புள்ளிக்கு முன்னால் எதிலும் 6 எழுத்துக்கு மேல் இல்லை. பெயரின் முதல் 6 எழுத்துகளை மட்டும் கணக்கில் கொள்ள அந்தத் தரம் கம்பைலர்களை அனுமதித்தது. நீண்ட பெயர்களை ஏற்க முடியாத முறைமைகளிலும் சி மொழி ஓட வேண்டும் என்ற அக்கறை அது. 1999இல் ஹெடர்கள் 24 ஆயின, 2011இல் 29, அண்மைத் தரமான சி23இல் 31.

இந்த ஹெடர்களை எந்த வரிசையிலும் எழுதலாம், ஒன்றையே பலமுறை இன்க்ளூட் செய்தாலும் ஒருமுறை செய்ததற்குச் சமம் என்றும் தரம் உறுதியளித்தது. 'அசர்ட்.எச்' மட்டும் விதிவிலக்கு. இந்த உறுதி தேவைப்பட்டதற்குக் காரணம் ஒட்டும் வேலையின் இயல்புதான். ஒரு நிரல் இரண்டு ஹெடர்களை எடுக்கிறது. இரண்டும் உள்ளே மூன்றாவது ஒன்றை எடுக்கின்றன. மூன்றாவதில் உள்ள ஸ்ட்ரக்ட் இருமுறை ஒட்டப்படும். இரண்டாம் வரையறையைக் கண்டதும் அன்றைய கம்பைலர் பிழை சொல்லும்.

இதற்கு நிரலாளர்கள் கண்ட வழி காவல் வரிகள். ஹெடரின் முதல் வரி, 'இந்தப் பெயர் இன்னும் வரையறுக்கப்படவில்லையா?' என்று கேட்கும். இல்லையென்றால் அடுத்த வரி அதை வரையறுக்கும். பிறகு உள்ளடக்கம், கடைசியில் ஒரு முடிப்பு. இரண்டாம் முறை வரும்போது பெயர் ஏற்கெனவே இருப்பதால் நடுவில் உள்ள அத்தனையும் தாண்டப்படும். மொழிக்குள் இல்லாத ஓர் ஒழுங்கை மூன்று வரி வழக்கத்தால் நிலைநாட்டினார்கள். இன்றும் உலகில் எழுதப்படும் பெரும்பாலான சி ஹெடர்களில் அந்த மூன்று வரிகள் இருக்கின்றன.

ஹெடரைப் பற்றிய ஒரு தவறான எண்ணத்தையும் இங்கே களைந்துவிட வேண்டும். பிரிண்ட்எஃப்பின் நிரல் எஸ்டிடிஐஓ.எச்சுக்குள் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அங்கே இருப்பது அறிவிப்பு மட்டும். நிரல் நூலகத்தில் இருக்கிறது. அதைக் கொண்டுவந்து சேர்ப்பது லிங்கர். லினக்ஸில் 'மேத்.எச்' இன்க்ளூட் செய்த பிறகும் எஸ்கியூஆர்டி கிடைக்கவில்லை என்று பிழை வருவது இதனால்தான். ஒப்பந்தம் கையில் இருக்கிறது. கணித நூலகத்தை இணைக்கச் சொல்லி லிங்கருக்கு யாரும் சொல்லவில்லை.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் டர்போ சியின் நீலத் திரையில் சி கற்ற தலைமுறைக்கு இதில் இன்னொரு பாடமும் உண்டு. எஸ்டிடிஐஓவுக்கு அடுத்த வரியில் 'கோனியோ.எச்' எழுதுவதும், திரையைத் துடைக்க ஒரு ஃபங்ஷன், கடைசியில் ஒரு விசைக்காகக் காத்திருக்க ஒரு ஃபங்ஷன் என்று கூப்பிடுவதும் விரல்களுக்குப் பழகிப்போனவை. ஆனால் கோனியோ அந்தப் பதினைந்தில் இல்லை. அது டாஸ் காலத்துக் கம்பைலர்கள் தங்கள் பங்குக்குத் தந்த வசதி. அதனால்தான் லினக்ஸுக்குப் போனவுடன் முதல் நிரலே 'அப்படியொரு கோப்பு இல்லை' என்று நின்றது. ஒரு ஹெடரை எடுக்கும்போது அதில் இருக்கும் வாக்கு தரக்குழுவுடையதா, ஒரு நிறுவனத்துடையதா என்று தெரிந்துகொள்ள வேண்டும். அந்த நிரல் எங்கெல்லாம் ஓடும் என்பதைத் தீர்மானிப்பது அதுதான்.

ஒட்டுவதன் விலை

1989இல் ராப் பைக், சி நிரலாக்கம் பற்றி எழுதிய குறிப்புகளில் ஒரு கறாரான விதியைச் சொன்னார்: ஹெடர் கோப்பு இன்னொரு ஹெடரை இன்க்ளூட் செய்யக் கூடாது. காவல் வரிகள் பிழையைத் தடுக்கும். ஆனால் அன்றைய கம்பைலர்கள் ஒவ்வொரு முறையும் அந்தக் கோப்பைத் திறந்து, முடிப்பு வரி வரைக்கும் படித்துத்தானே தாண்டின!

அவர் பின்னாளில் எழுதிய ஓர் எடுத்துக்காட்டு இதைத் துல்லியமாகக் காட்டும். 1984இல் யூனிக்ஸின் 'பிஎஸ்' கட்டளையின் மூலநிரலைக் கம்பைல் செய்தபோது, 'ஸ்டாட்.எச்' என்ற ஒரே ஹெடர் 37 முறை இன்க்ளூட் ஆனது. 36 முறை அதன் உள்ளடக்கம் முழுவதும் கழித்துக்கட்டப்பட்டது. ஜிசிசி போன்ற பிற்காலக் கம்பைலர்கள் காவல் வரிகளை அடையாளம் கண்டு, இரண்டாம் முறை கோப்பைத் திறக்காமலே விடக் கற்றுக்கொண்டன. ஆனாலும் ஒவ்வொரு சி கோப்புக்கும் எல்லா ஹெடர்களையும் ஒருமுறையாவது புதிதாகப் படித்தே ஆக வேண்டும்.

2007இல் கூகுளில் ஒரு பெரிய சி++ நிரலை அளந்து பார்த்தார்கள். சுமார் 2,000 கோப்புகள். எல்லாம் சேர்த்து 4.2 மெகாபைட். இன்க்ளூட்கள் விரிந்தபின் கம்பைலரின் வாயில் போனது 8 ஜிகாபைட்டுக்கும் மேல். எழுதிய ஒரு பைட்டுக்கு ஏறத்தாழ 2,000 பைட்.

சி மொழியிலேயே எழுதிய லினக்ஸ் கெர்னலும் தப்பவில்லை. 2022 ஜனவரியில் இங்கோ மோல்னார் 2,297 திருத்தங்கள் கொண்ட தொகுப்பு ஒன்றை முன்வைத்தார். 25,000க்கும் மேற்பட்ட கோப்புகளைத் தொட்ட அந்த வேலையின் நோக்கம் ஒன்றே: எந்த ஹெடர் எதை இழுக்கிறது என்ற சிக்கலைப் பிரிப்பது. அமைப்பைப் பொறுத்து, கெர்னலைக் கட்டும் வேகம் 50 முதல் 80 சதவீதம் வரை கூடுவதாக அவர் காட்டினார். புதிய வசதி ஒன்றும் சேர்க்காமல், ஹெடர்களை ஒழுங்குபடுத்தியதில் மட்டும் கிடைத்த வேகம் அது.

மாற்று வழியும் மாறாத இடமும்

கூகுள் அளந்த அதே 2007இல் அங்கே ஒரு புதிய மொழிக்கு அடித்தளம் போட்டார்கள்: கோ. அதை வடிவமைத்த மூவர் ராபர்ட் கிரீஸ்மர், ராப் பைக், கென் தாம்சன். ஆம், பி மொழியை உருவாக்கிய, யூனிக்ஸ் கெர்னலில் தம் பெயரில் ஓர் அடைவு வைத்திருந்த அதே தாம்சன். கோ மொழியில் ஹெடர் கோப்பு கிடையாது. ஒரு தொகுப்பை கம்பைல் செய்யும்போது, அது வெளியே தரும் பெயர்கள், வகைகளின் விவரம் கம்பைலான கோப்பிலேயே பதிவாகும். பயன்படுத்துபவர் மூலநிரலைத் திரும்பப் படிக்க வேண்டியதில்லை. பயன்படுத்தாத ஒன்றை இறக்குமதி செய்தால் கம்பைலர் அதைப் பிழை என்றே சொல்லும். சி++ மொழியும் 2020ஆம் ஆண்டுத் தரத்தில் மாட்யூல் முறையைக் கொண்டுவந்தது.

சி மட்டும் ஹெடரை விடவில்லை. மாறாக, அந்த ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கிக்கொண்டே வந்திருக்கிறது. அறிவிக்காத ஃபங்ஷனைக் கூப்பிடும் சலுகையை 1999ஆம் ஆண்டுத் தரம் நீக்கியது; கம்பைலர்கள் பழைய நிரல்களுக்காக எச்சரிக்கையோடு விட்டுவந்தன. 64 பிட் இயந்திரங்களில் அந்தத் தயவு ஆபத்தானது. நினைவகம் கேட்கும் மேலாக் ஃபங்ஷனை ஹெடர் இல்லாமல் கூப்பிட்டால், திரும்பி வரும் 8 பைட் முகவரி 4 பைட்டாக வெட்டுப்படும். நிரல் வேறெங்கோ போய் விழும். 2024இல் வந்த ஜிசிசி 14 அதை இயல்பாகவே பிழையாக்கியது. 1978இன் அந்த முதல் நிரல் இன்று ஹெடர் இல்லாமல் அதில் கம்பைல் ஆகாது.

நகலெடுத்து ஒட்டும் இந்தப் பழைய முறை ஐம்பது ஆண்டுகள் தாக்குப்பிடித்ததற்கு வேகமோ நேர்த்தியோ காரணமில்லை. ஹெடரை மனிதரும் படிக்கலாம், எந்தக் கருவியும் படிக்கலாம். பைத்தானுக்கு சியில் நீட்சி எழுதுபவர் தொடங்குவது 'பைத்தான்.எச்' என்ற ஹெடரில். ரஸ்ட் மொழியிலிருந்து சி நூலகத்தைக் கூப்பிட விரும்புபவருக்கு, சி ஹெடர்களைப் படித்து ரஸ்ட் அறிவிப்புகளை உருவாக்கித் தரும் கருவி இருக்கிறது. மொழிகள் ஒன்றோடொன்று பேச வேண்டிய இடத்தில் இன்றும் சியின் ஹெடர்தான் பொது மேசை.

ஆகவே ஹெடர் எழுதுபவர் மனத்தில் கொள்ள வேண்டியது ஒன்றுதான். அதில் எழுதும் ஒவ்வொரு வரியும் முன்பின் அறியாத இன்னொருவரின் கோப்புக்குள் போய் ஒட்டப்போகிறது. அவருக்குத் தேவையானதை முழுமையாகச் சொல்லுங்கள். தேவையில்லாத எதையும் அங்கே வைக்காதீர்கள்.

(அடுத்த அத்தியாயத்தில்: பிரீபிராசசரின் மற்றொரு கையான மேக்ரோ. ஓர் அடைப்புக்குறி குறைந்தால் கணக்கே மாறிப்போகும் கதை.)

– தொடரும்